நெல்மணி அளவில் ஒரு மிதவை ஈ



சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், எங்கள் அயலிலுள்ள கமக்காரர் ஒருவர் ஒரு சிறு கண்ணாடிப் போத்தலைக் கையிற் பிடித்தவாறு என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். போத்தலின் அடியில் ஐந்தாறு ஈக்கள் இறந்து கிடந்தன. மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வந்த உடல், நெல்மணியின் நீளம்.

"மாஸ்டர், என்ரை பாகற்காயையும் புடோலங்காயையும் அழுகப் பண்ணுற பழ ஈ இதுதான். பயற்றங்கொடிக்கு மேலே அந்தரத்திலை நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டதுகள். நேற்றுப் பின்னேரம் மருந்து அடிச்சுப்போட்டன்" என்றார்.

அவர் குரலில் ஒரு வெற்றியின் நிறைவு இருந்தது. அதில் பங்குகொள்ள என்னால் இயலவில்லை. அவர் கொண்டுவந்தவை பழ ஈக்கள் அல்ல. பயற்றங்கொடியின் தளிரை மொய்த்து அதன் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை, நம் தோட்டக்காரர் அழுக்கணவன் என்று சொல்லும் அந்தப் பூச்சியை, தின்று வளர்ந்தவை அவை. கூலியின்றிக் காவல் செய்தவனைக் கள்வன் என்றெண்ணி அவர் கொன்றுவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கும் இல்லை. இவ்வீயின் தோற்றம் பிறரை ஏமாற்றுவதற்கென்றே அமைந்தது. ஆதலின், இதனை இனங்காணும் வகையையும் இதன் வாழ்க்கை நடைபெறும் முறையையும் இன்று சற்று விரிவாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

காற்றில் ஒரே இடத்தில் அசையாது நிற்கும் இயல்பினால் இக்குடும்பத்து ஈக்களை மிதவை ஈக்கள் என்று அழைக்கலாம். மலர்களில் மேய்வதால் பூ ஈ என்பாரும் உளர். உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறத்தாழ 6000 இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஈ என்றவுடன் குப்பைமேட்டையும் வயிற்றோட்டத்தையும் நினைந்து முகஞ் சுளிப்பது நம் வழக்கம். ஆனால் இந்த ஈக்கள் நம் உணவில் அமர்வதில்லை, நம்மைக் கடிப்பதில்லை, கொட்டுவதற்கு இவற்றிடம் கொடுக்கும் இல்லை.

இவற்றை முதலிற் காண்பவர் குளவியென்றோ தேனீயென்றோ எண்ணுவர். நான் மாணவனாயிருந்த காலத்தில் என்னுடைய பூச்சிப் பெட்டியில் குளவிகளின் வரிசையிலே இதனையும் ஊசியிற் குத்தி வைத்து, பெயரும் எழுதியிருந்தேன். ஆசிரியர் ஒன்றும் பேசாமல், "இறகுகளை எண்ணு" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். எண்ணினேன். இரண்டே இருந்தன.

குளவிக்கும் தேனீக்கும் இறகுகள் நான்கு, ஈக்கு இரண்டு. ஈக்கள் அடங்கிய வருணத்துக்கு இருசிறகிகள் என்று பெயர் வந்தது இதனாலேதான். ஈயின் பின்னிறகுகள் குறுகி, குண்டூசித் தலைபோன்ற இரு குமிழ்களாக மாறியிருக்கின்றன. பறக்கும்போது அவையும் இறகுகளோடு சேர்ந்து அதிர்ந்து, உடல் எப்பக்கம் சாய்கின்றது என்பதை ஈக்கு உணர்த்துகின்றன. எனினும், உயிருள்ள தேனீயின் முன்னிறகும் பின்னிறகும் சிறு கொளுக்கிகளாற் பிணைந்து ஒன்றுபோலத் தோன்றுவதால், பறக்கும் பூச்சியில் இறகை எண்ணுவது எளிதன்று. அப்போது தலையைப் பார்க்கவேண்டும். குளவியின் உணர்கொம்புகள் நீண்டு, முழங்கைபோல் மடிந்து, எந்நேரமும் துடித்துக்கொண்டிருக்கும். மிதவை ஈயின் உணர்கொம்புகளோ மிகக் குறுகியவை. ஒரு சிறு மொட்டும் அதன்மேல் ஒரு மயிரும் என்ற அளவே. தலையின் பெரும்பகுதியைக் கண்களே நிறைத்திருக்கும். குளவிக்குள்ள ஒடுங்கிய இடை இதற்கு இல்லை.

கைவில்லை ஒன்று இருக்குமாயின் இன்னும் உறுதியான அடையாளம் ஒன்றைக் காணலாம். இறகின் நடுவே, உண்மையான நரம்புகளுக்கிடையில், ஒரு மெல்லிய மடிப்பு நரம்புபோல் ஓடும். அது எந்த நரம்பிலிருந்தும் தொடங்குவதில்லை. எதிலும் சென்று சேர்வதுமில்லை. இதனைப் பொய்நரம்பு என்பர். சில இனங்கள் நீங்கலாக, மிதவை ஈக் குடும்பம் முழுவதற்கும் இதுவே முத்திரை. இறகின் வெளியோரத்துக்கு முன்பாகவே நரம்புகள் திரும்பி, ஓரத்துக்கு இணையாக ஓர் உள்வரம்பு கட்டியிருப்பதையும் அதே வில்லையிற் காணலாம்.

கொடுக்கில்லாத ஈ கொடுக்குள்ள குளவியின் உடையை ஏன் அணிந்துகொண்டது? ஹென்றி வால்ற்றர் பேற்ஸ் என்னும் ஆங்கிலேயர் அமேசன் காடுகளிற் பல ஆண்டுகள் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து, 1862ஆம் ஆண்டில் இதற்கொரு விளக்கம் தந்தார். தீங்கற்ற உயிர் தீங்குள்ள உயிரின் சாயலைப் பெற்றிருந்தால், ஒருமுறை சூடுகண்ட பறவை அதனையும் விட்டு விலகும். சாயல் மிக்கவை பிழைத்துப் பெருகும். சாயல் குறைந்தவை பறவையின் வாய்க்குப் போகும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாக வேடம் திருந்தி வந்தது என்பது அவர் கருத்து. மிதவை ஈக்களிற் சில இந்த வேடத்தை நடிப்பாலும் நிறைவு செய்கின்றன. விரலாற் பிடித்தால் வயிற்றின் நுனியை வளைத்துக் கொட்டுவதுபோல அழுத்தும். பிடித்தவர் கையை உதறிவிடுவார். உண்மையை அறிந்திருந்தும் நானும் உதறியிருக்கிறேன்.

பறவைகள் மட்டும் ஏமாறவில்லை. பண்டைய கிரேக்கரும் உரோமரும் இறந்த எருதின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று உறுதியாக நம்பினர். உரோமப் புலவர் வேர்ஜில் தம் வேளாண்மை நூலில் அதற்கான முறையையும் விவரித்திருக்கிறார். 1894இல் ஓஸ்டன் சாக்கன் என்ற ஈயியல் அறிஞர் இதற்கென ஒரு நூலே எழுதி, எருதின் அழுகிய உடலிலிருந்து வெளிவந்தவை தேனீக்கள் அல்ல, தேனீயின் தோற்றமுடைய பெரிய மிதவை ஈ ஒன்றே என்று காட்டினார். அதன் குடம்பி அழுகல் நீரில் வாழ்வது. எலிவால்போல் நீண்ட மூச்சுக்குழாய் உடையது. அறிஞர் பலர் பல நூற்றாண்டுகளாக இறகுகளை எண்ணிப் பார்க்காததால் வந்த வினை அது. எங்கள் கமக்காரரின் பிழை அதன் முன்னே மிகச் சிறிது.

இனி அவருடைய பிழைக்கு வருவோம். மிதவை ஈயைப் பழ ஈ என்று கொள்வது குளவி என்று கொள்வதிலும் எளிது. ஏனெனில் பழ ஈயும் இருசிறகியே. பாகல், புடோல், வெள்ளரி முதலியவற்றைக் கெடுக்கும் பழ ஈ நீளத்தில் இதற்குச் சற்றே குறைந்தது. அதன் நெஞ்சிலும் மஞ்சட் கோடுகள் உண்டு; முதுகின் பின்புறத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கேடயமும் உண்டு. இவை இரண்டும் மிதவை ஈக்கும் உள்ளவை. ஒருவர் ஒரு தாளில் அடையாளங்களை எழுதிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், அந்தத் தாளே அவரை ஏமாற்றிவிடும்.

வேற்றுமையை இவ்வாறு பாருங்கள். பழ ஈயின் உடலில் மேலோங்கி நிற்பது செம்மண் நிறம். மிதவை ஈயின் நெஞ்சு பளபளக்கும் கறுப்பு. பழ ஈயின் இறகின் முன்னோரத்தில் தவிட்டு நிறப் பட்டையொன்று புகைபடிந்தாற்போல் ஓடும். நாம் பேசும் மிதவை ஈயின் இறகு கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பழ ஈயின் மஞ்சள் முகத்தில் இரண்டு கரும்புள்ளிகள் இட்டிருக்கும். மற்றதன் முகத்தில் அவை இல்லை. பெண் பழ ஈயின் வயிற்று நுனி, காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுவதற்கென ஊசியாய்க் கூர்ந்திருக்கும். மிதவை ஈயின் வயிற்று நுனி மழுங்கியது; காயைத் துளைக்க அதனால் இயலாது. இவை யாவற்றிலும் மேலாக ஓர் அடையாளம் உண்டு. அதற்குக் கைவில்லையும் வேண்டியதில்லை. பழ ஈ இலைமீதும் காய்மீதும் இறகை அசைத்தபடி நடந்து திரியும். பறந்தால் குறுகப் பறந்து வேறோர் இலையில் அமரும். காற்றிலே ஆணியடித்தாற்போல் நின்று, திடீரென ஒரு சாண் விலகி, மீண்டும் நிற்கின்ற வித்தை அதற்கு வராது. "அந்தரத்திலை நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டதுகள்" என்று கமக்காரர் சொன்னபோதே, தம்மை அறியாமல் அவர் சரியான அடையாளத்தைச் சொல்லிவிட்டார்.

அந்த வித்தையைப் பற்றியும் ஒரு சொல். ஈயின் இறகை அசைக்கும் வலிய தசைகள் இறகில் நேரே பொருந்தியிருக்கவில்லை. அவை நெஞ்சுப் பெட்டியின் சுவரைப் பிடித்திழுத்து அதன் வடிவை மாற்ற, பெட்டி நெளியும்போது அதிற் பூட்டிய இறகுகள் மேலும் கீழும் அடிக்கின்றன. நொடிக்கு நூறு முறைக்கு மேல் இவ்வாறு நிகழும். ஒவ்வோர் அடிக்கும் நரம்பு தனித்தனி ஆணை இடவேண்டியதில்லை. இழுபட்ட தசை தானாகவே மீளச் சுருங்கும்.

போத்தலில் இருந்த இனத்தின் அறிவியற் பெயர் இஸ்கியோடன் ஸ்குட்டெல்லாரிஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா ஊடாகப் பசிபிக் தீவுகள்வரை பரந்து வாழ்வது. நீளம் எட்டு முதல் பத்து மில்லிமீற்றர். கறுத்த நெஞ்சின் இரு ஓரங்களிலும் தெளிந்த மஞ்சட் கோடு. பின்னே மஞ்சட் கேடயம். அக்கேடயத்தின் நடுப்பகுதி சற்றுத் தவிட்டு நிறம் கொண்டது. வயிற்றின் இரண்டாம் வளையத்தில் ஒன்றோடொன்று சேராத இரு மஞ்சட் புள்ளிகள். அடுத்த இரு வளையங்களில் மீசைபோல் வளைந்த மஞ்சட் பட்டைகள். கண்கள் உச்சியிற் கூடினால் அது ஆண்; இடைவெளி இருந்தால் பெண். இவ்விதி இக்குடும்பத்தின் பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும்.

இதன் உறவினங்கள் சிலவற்றோடு மயங்குவதற்கும் இடமுண்டு. ஒவ்வொரு மஞ்சட் பட்டைக்குள்ளும் மெல்லிய கரிய கோடு ஒன்று கூடுதலாக ஓடி, பட்டை இரட்டித்தாற்போல் தோன்றினால் அது எப்பிசிர்பஸ் சாதியைச் சேர்ந்தது. ஐந்து மில்லிமீற்றர் அளவில், தரையோடு ஒட்டிய பூண்டுகளிற் பறப்பது பராகஸ் சாதியாக இருக்கலாம். கண்ணிலே கரும்புள்ளி தெளித்தாற்போல் இருந்தால் அது வாய்க்கால் நீரில் வளரும் வேறொரு கூட்டத்தது. ஆண் ஈ கிடைக்குமாயின் ஐயம் அறவே நீங்கும். அதனை மல்லாத்தி, பின்காலின் தொடை உடலோடு சேருமிடத்தை வில்லையாற் பாருங்கள். அங்குள்ள சிறு மூட்டுத் துண்டில் பல்போன்ற ஒரு முள் நீட்டி நிற்கும். இஸ்கியோடன் என்ற சொல்லும் கிரேக்கத்தில் இடுப்புப் பல் என்ற பொருளையே தருகிறது.

பெயரின் கதையும் கேட்கத் தக்கது. லின்னேயஸின் மாணவரான பப்ரீசியஸ் என்னும் டென்மார்க்கு அறிஞர் 1805இல் இவ்வினத்தை முதன்முதல் விவரித்தார். கேடயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாற் பெயரிட்டு, ஸ்கீவா என்ற சாதியில் வைத்தார். 1620 முதல் டென்மார்க்கு நாட்டார் வசம் இருந்த தரங்கம்பாடியிலிருந்து அக்காலத்தில் அவருக்குப் பூச்சிகள் பல அனுப்பப்பட்டன. சோழமண்டலக் கரையின் வண்டும் ஈயும் பெட்டிகளில் அடைபட்டுக் கடல் கடந்து அவர் மேசையை அடைந்தன. நூறாண்டுகளுக்கு மேல் சென்றபின், 1913இல், சாக் என்ற ஜெர்மானியர் போர்மோசாத் தீவிலிருந்து, அதாவது இன்றைய தைவானிலிருந்து, வந்த ஈக்களை ஆராய்ந்தார். இடுப்புப் பல்லைக் கண்டு, புதிய சாதியொன்றும் புதிய இனமொன்றும் கிடைத்தன என்று பெயரிட்டார். சாதி நிலைத்தது, இனம் நிலைக்கவில்லை. அது பப்ரீசியஸ் கண்ட பழைய ஈயே என்று பின்னர் தெரிந்தது. ஆதலின் இவ்வீயின் முதற்பெயர் சாக் இட்டது. இரண்டாம் பெயர் பப்ரீசியஸ் இட்டது.

நம் நாட்டு மிதவை ஈக்களை ஆராய்வோர் நெடுங்காலம் நாடிய நூல், இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் உயிரின வரிசையில் 1923இல் வெளிவந்த ஈக்கள் பற்றிய மூன்றாம் தொகுதி. அதனை எழுதிய புரூனெற்றி தொழிலால் ஓர் இசைவாணர். கீழ்நாடுகளில் இசைத்துப் பிழைத்தபடியே ஈக்களைச் சேர்த்துக் கல்கத்தாவில் தங்கினார். ஈயின் ரீங்காரத்தை அவர் எந்தச் சுருதியிற் கேட்டாரோ!

தோற்றத்தை அறிந்தோம். ஆனால் தோட்டத்துக்குப் பயன் தருவது பறக்கும் ஈ அன்று, அதன் குடம்பியே. பறக்கும் பருவத்தில் இது மகரந்தமும் மலர்த்தேனும் மட்டுமே உண்ணும். பெண் ஈயின் முட்டைகள் முதிர்வதற்கு மகரந்தம் இன்றியமையாதது. இதன் வாய் குறுகியது. நுனியில் மெத்தைபோன்ற பாகத்தால் ஒற்றி ஒற்றி உண்பது. குழல்போல் ஆழ்ந்த மலரின் தேன் இதற்கு எட்டாது. கொத்தமல்லி, கடுகு, பெருஞ்சீரகம், வேலியோரத்து மூக்குத்திப் பூண்டு முதலிய திறந்த சிறு மலர்களையே நாடும். தோட்டத்தில் ஒரு பூவும் இல்லாதபடி களைபிடுங்கிச் சுத்தம் செய்பவர், தம்மை அறியாமலே இவ்வீயைப் பட்டினி போடுகிறார்.

உண்டு கொழுத்த பெண் ஈ அசுவினிக் கூட்டத்தைத் தேடிப் புறப்படும். அசுவினி கழிக்கும் இனிப்பான கழிவின் மணம் அதற்கு வழிகாட்டுகிறது. இளங்கூட்டம் ஒன்றைக் கண்டால் தளிரின் முன்னே மிதந்து நின்று ஆராயும். முதிர்ந்து சிதறும் கூட்டத்தை விரும்பாது. குடம்பி வளர்ந்து முடியுமுன் அங்கே உணவு தீர்ந்துவிடும் அன்றோ! ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள வெண்ணிற முட்டைகளைத் தனித்தனியே, அசுவினிகளின் அருகில், இலையோடு படுக்கவைத்து ஒட்டும். உற்றுப் பார்த்தால் உடைந்த அரிசிக் குறுணிபோல் தெரியும்.

இரண்டு மூன்று நாளில் வெளிவரும் குடம்பிக்குக் காலில்லை, கண்ணில்லை, தலையென்று சொல்லத் தக்க தலையும் இல்லை. இளம்பச்சை நிறம், முதுகின் நடுவே வெளிறிய ஒரு கோடு, முன்புறம் கூர்ந்து பின்புறம் பருத்த உடல், பின்முனையில் மூச்சுவிடும் இரு சிறு குழாய்கள். காண்போர் இதனை இலைதின்னும் மயிரில்லாப் புழு என்று எண்ணி நசுக்கிவிடுவர். இலைப்புழுவுக்குத் தலையும் கால்களும் உண்டு. இதற்கு இரண்டும் இல்லை. இவ்வொன்றை நினைவில் வைத்தாற் போதும்.

கண்ணில்லாத இந்தப் பிறவி வேட்டையாடும் முறை வியப்புக்குரியது. பின்னுடலால் இலையைப் பற்றிக்கொண்டு, முன்னுடலை இடமும் வலமும் வீசித் தடவும். அசுவினி ஒன்றின்மேல் முகம் பட்டதும் வாய்க் கொளுக்கியாற் குத்தி, அதனை இலையிலிருந்து பெயர்த்து மேலே தூக்கிவிடும். கால்கள் காற்றில் உதைய, அசுவினியின் உட்பொருள் முழுவதும் உறிஞ்சப்படும். பின் வெறுந்தோலை எறிந்துவிட்டு அடுத்ததைத் தேடும். அருகிலுள்ள அசுவினிகள் பெரும்பாலும் அசையாமல் சாறு குடித்தபடியே இருக்கும். நன்கு வளர்ந்த குடம்பி சில நிமிடங்களில் ஒன்றை முடித்துவிடும். இரவிலும் விடியற்காலையிலும் ஊக்கமாக வேலை செய்யும்; பகல் வெயிலில் இலையின் அடிப்புறத்தில் ஒடுங்கிக் கிடக்கும். வாழ்நாளில் ஒரு குடம்பி தின்னும் அசுவினிகள் சில நூறு இருக்கும். உணவு தீர்ந்துபோனால் தன்னினத்துக் குடம்பியையும் தின்னத் தயங்குவதில்லை.

ஒன்றரைக் கிழமைக்குள் வளர்ச்சி முடிந்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த கழிவு முழுவதையும் கருந்தார்போல் ஒருங்கே கழித்துவிட்டு, இலையில் ஒட்டிக்கொண்டு, நீர்த்துளி வடிவான கூட்டுப்புழுவாக மாறும். இன்னும் ஒரு கிழமையில் ஈ வெளிவரும். முட்டையிலிருந்து ஈ ஆகும்வரை நம் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று கிழமைகள் செல்லும்.

மருந்தடித்தவருக்கு நேர்ந்தது என்ன என்பதை இந்த மூன்று கிழமைக் கணக்கே விளக்கும். அசுவினியின் கணக்கு வேறு. நம் நாட்டில் அசுவினிகள் யாவும் பெண்கள் என்றே சொல்லலாம். ஆணின் துணையின்றியே குட்டி ஈனுகின்றன. பிறக்கும் குட்டியின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறையின் கரு உருவாகத் தொடங்கியிருக்கும். ஏறக்குறைய ஒரு கிழமையில் குட்டி தாயாகிவிடும். தளிர்ச் சுருளுக்குள் மருந்து படாமல் ஒன்றிரண்டு தப்பினாலும் போதும். மிதவை ஈ ஒரு தலைமுறை காணுமுன் அசுவினி மூன்று தலைமுறை கண்டுவிடும். இரண்டு கிழமை கழித்து நான் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது தளிர்கள் கரிபூசினாற்போல் கிடந்தன. எறும்புகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அசுவினியின் இனிப்புக் கழிவுக்காக அதனைக் காத்து, முட்டையிட வரும் ஈயையும் குடம்பியையும் துரத்துவது எறும்பின் வேலை. கமக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாகற்காய்களும் முன்போலவே அழுகி விழுந்துகொண்டிருந்தன. பழ ஈயைத்தான் எவரும் தொடவில்லையே.

மிதவை ஈயை அளவுக்கு மேற் புகழ்வதும் முறையன்று. அசுவினி வந்து கூட்டம் அமைத்த பின்னரே அது வருகிறது. அசுவினி ஊசிபோன்ற வாயால் ஒரு செடியிலிருந்து மற்றொன்றுக்கு இலைச்சுருட்டல், தேமல் முதலிய வைரசு நோய்களைக் கொண்டுசெல்லும்போது, அந்த முதற் குத்தைத் தடுக்க இதனால் இயலாது. காற்றடிக்கும் நாளிலும் பெருமழையிலும் இதன் வேலை குன்றும். ஆனால் கூட்டம் பெருகித் தளிர் கருகுமுன் அதனைக் குறைத்துவிட வல்லது. பொறிவண்டும் அதன் குடம்பியும் உடனிருந்தால் வேலை இன்னும் விரையும்.

கமக்காரரும் நானும் அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பந்தலின் ஒரு பாதிக்கு மருந்து இல்லை. கொடியின் அடித்தண்டில் எறும்பு ஏறாதபடி சாம்பல் தூவப்பட்டது. சமையலுக்கென்று விதைத்திருந்த கொத்தமல்லியில் ஒரு வரிசை பிடுங்கப்படாமல் பூக்க விடப்பட்டது. அழுகிய பாகற்காய்கள் பொறுக்கி ஆழப் புதைக்கப்பட்டன. பழ ஈயின் புழுக்கள் அவற்றினுள்ளேதான் இருந்தன. மாலையில் இலைகளைத் திருப்பிப் பார்ப்பது அவருடைய வேலையாயிற்று. எட்டாம் நாள் அரிசிக் குறுணிகளைக் கண்டதாகச் சொல்லியனுப்பினார். பங்குனி நடுவில் அந்தப் பாதியின் தளிர்கள் மீண்டும் பச்சையாயின. மருந்து பட்ட பாதியில் அவர் பின்னும் இருமுறை அடிக்கவேண்டி வந்தது. ஒரு பந்தலை வைத்துக்கொண்டு விதி வகுக்க நான் துணியேன். ஆயினும் அவர் அதன்பின் இலையைத் திருப்பிப் பார்க்காமல் தெளிகருவியைத் தோளில் ஏற்றுவதில்லை.

ஒருநாள் மூன்று கூட்டுப்புழுக்களை இலையோடு கிள்ளிப் போத்தலில் இட்டு, வாயை மெல்லிய துணியாற் கட்டி வைத்தார். இரண்டிலிருந்து ஈக்கள் வந்தன. மூன்றாவதிலிருந்து வந்தது செந்நிறக் கால்களும் நீண்ட உணர்கொம்புகளும் உடைய ஒரு மெல்லிய குளவி. "இது எந்தப் பக்கத்து ஆள், மாஸ்டர்?" என்று கேட்டார். அது மிதவை ஈயின் பகை. டிப்ளாசன் லீற்றற்றோரியஸ் என்னும் அக்குளவி, உலகின் பல பாகங்களிலும் மிதவை ஈக்களைத் தேடி அலைவது. ஈயின் முட்டையினுள்ளோ இளங்குடம்பியினுள்ளோ தன் முட்டையை வைத்துவிடும். குடம்பி வழக்கம்போல் அசுவினிகளைத் தின்று வளர்ந்து கூட்டுப்புழுவாகும். அதன்பின் உள்ளிருந்து வருவது குளவி. உங்கள் தோட்டத்தில் வெற்றுக் கூடுகளைக் கண்டால் அவற்றின் பருத்த முனையைப் பாருங்கள். மூடி திறந்தாற்போல் ஒழுங்காக விலகியிருந்தால் அதிலிருந்து ஈ போயிற்று. ஓரம் கடித்துக் கிழித்தாற்போல் ஒழுங்கற்ற துளை இருந்தால் குளவி போயிற்று.